பாட்டிமார் கட்டிய மொழிக்கூடு

ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும், பெண்கள் ஒன்று சேர்ந்து செய்த காரியமாக இருக்கட்டும் என்று செயலாளர் அக்கா சொன்னார்கள். நம் ஊர் வரலாறு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் கொஞ்சம் தூரம் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நியூசிலாந்து நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களைப் பற்றி எழுதுகிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். மகள் போனில் தேடித் தேடிப் படித்துச் சொல்ல, நான் நோட்டில் குறித்து வைத்து எழுதியது இது.

அவ்வளவு தூரத்து ஆட்கள் கதை நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். அவர்களுக்கும் நமக்கும் ஒரு மணி அளவுக்குச் சம்பந்தம் இருக்கு. வெலிங்டன் நகரத்தில் தே பாப்பா என்ற பெரிய அருங்காட்சியகத்தில் விளிம்பு உடைந்த ஒரு வெண்கல மணி இருக்கிறது. அதைச் சுற்றிலும் பழைய தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்று அர்த்தம் வரும்படி எழுதியிருக்கிறது. 1836 வாக்கில் கொலன்சோ என்ற கிறிஸ்தவ மிஷன்காரர் மாவோரி கிராமம் ஒன்றுக்குப் போனபோது, பெண்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு அடுப்பில் வைத்து உருளைக்கிழங்கு வேக வைத்துக் கொண்டிருந்தார்களாம். ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக் கொண்டார். நம்ம தமிழ் மணி அங்கே எப்படிப் போனது என்று இன்று வரை யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்த மணியை விட, அதில் கிழங்கு வேக வைத்த பெண்கள்தான் மனசில் நின்றார்கள். அவர்களுடைய பேத்திகளும் பேத்திகளின் பேத்திகளும் செய்த வேலைதான் இந்தக் கட்டுரை.

மாவோரி மக்கள் சுமார் 700 வருடத்துக்கு முன்னால் பசிபிக் கடலின் தீவுகளில் இருந்து பெரிய படகுகளில் வந்து குடியேறியவர்கள். அவர்களிடம் எழுத்து இல்லை. வம்சாவளி, வைத்தியம், பாட்டு, நெசவு எல்லாம் வாயாலும் கையாலும்தான் அடுத்த தலைமுறைக்குப் போனது. பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கி என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரி தலைவர்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தது, இரண்டிலும் ஒரே அர்த்தம் இல்லை. கடன் பத்திரத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க என்று நமக்குப் பயிற்சியில் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நிலம் கை மாறிய கதை பெரிய கதை, அதற்குள் நான் போகவில்லை.

1867-ல் பூர்வகுடிப் பள்ளிகளுக்கு என்று ஒரு சட்டம் வந்தது. ஊர் மக்கள் நிலம் கொடுக்க வேண்டும், கட்டிடச் செலவிலும் பங்கு போட வேண்டும். பாடம் மட்டும் இங்கிலீஷில் இருக்கும். போகப் போக, பள்ளிக்கூடத்து வாசலுக்குள் மாவோரி பேசிய பிள்ளைகளுக்குப் பிரம்படி விழுந்தது. அடி வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து அப்பா அம்மா ஆனபோது, தன் பிள்ளைக்கு அந்த அடி வேண்டாம் என்று வீட்டிலேயே மொழியை நிறுத்திவிட்டார்கள். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஆரம்பத்தில் மாவோரி பெரியவர்கள் பலரும் இங்கிலீஷ் பள்ளியை விரும்பிக் கேட்டார்கள். நம் பேச்சுதான் வீட்டில் இருக்கே, அது எங்கே போகும் என்று இருந்தார்கள்.

1913-ல் பள்ளிக்குப் போன மாவோரி பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேருக்குத் தாய்மொழி பேச வந்தது. 1953-ல் 26 பேர். 1975-ல் 5 பேர் கூட இல்லை. வெறும் 62 வருடம். என் மாமியாருக்கு இப்போது வயது 68.

என் மூத்தவள் முதலில் சேர்ந்த ஒரு பள்ளியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். பணம் கட்டியது கூட பெரிசில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பத்தா கேட்கிற கேள்விக்கு வாயைத் திறக்க மாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள். இரண்டு வருடம் அப்படியே போனது. அதனால்தானோ என்னவோ, இந்த 90, 26, 5 என்கிற கணக்கைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் வேலை தேடி மாவோரி குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக நகரத்துக்குப் போயின. அரசாங்கம் வீடு கொடுத்தது. ஆனால் ஒரே தெருவில் கொடுக்கவில்லை, வெள்ளைக்காரர்கள் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொடுத்தது. பக்கத்து வீட்டில் பேச ஆள் இல்லை என்றால் மொழி எப்படி நிற்கும்? பாட்டி ஊரில், பேத்தி நகரத்தில். இது நமக்குத் தெரியாத கதையா?

முதலில் எழுந்தது படித்த இளைஞர்கள். ஹானா தே ஹெமாரா என்ற இளம் பெண் முன்னால் நிற்க, மாவோரி மொழியைப் பள்ளியில் கற்றுக் கொடு என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். 1972 செப்டம்பர் 14 அன்று 30,000-க்கும் மேற்பட்ட கையெழுத்தோடு மனுவைப் பாராளுமன்றத்தில் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே செப்டம்பர் 14-ல், ஃபினா கூப்பர் என்ற 79 வயது அம்மா நிலத்துக்காக நாட்டின் வடக்கு முனையிலிருந்து நடக்கத் தொடங்கி, அக்டோபர் 13-ல் வெலிங்டன் போய்ச் சேர்ந்தார். கூடவே ஆயிரக்கணக்கானவர்கள். பேரக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்து அவர் நடந்து போகும் படம் அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த படம்.

மனு கொடுத்தார்கள், நடந்தார்கள், எல்லாம் சரி. பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பள்ளி ஆசிரியர்களுக்கே மொழி தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் கிழவிகளும் கிழவர்களும். அவர்களிடம் சான்றிதழ் கிடையாது. இந்த முடிச்சை அவிழ்த்தது இரண்டு பெண்கள், காட்டரினா மாடாய்ரா, ஙோய் பேஃபைராங்கி. (ஙோய் என்று பெயர் எழுத நம் தமிழில் எழுத்து தயாராக இருக்கு பாருங்க. நமக்கு ங-வில் தொடங்கும் சொல் தேடினாலும் கிடைக்காது, அவர்களுக்கு அது தாராளம்.) 1970-களின் கடைசியில் இவர்கள் தே ஆட்டாராங்கி என்ற வகுப்புகளைத் தொடங்கினார்கள். கணக்குப் பாடத்துக்காக பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் ஒருவர் செய்த கலர் மரக் குச்சிகளைத்தான் கருவியாக எடுத்தார்கள். தரையில் சுற்றி உட்கார வேண்டியது. ஒரு குச்சியை எடுத்து, இது குச்சி, இது சிவப்புக் குச்சி, சிவப்புக் குச்சியை எடு, அவளிடம் கொடு என்று மாவோரியிலேயே சொல்லிச் சொல்லிப் பழக வேண்டியது. புத்தகம் இல்லை, நோட்டு இல்லை. எழுத்துத் தெரியாதவரும் கற்கலாம், சான்றிதழ் இல்லாத பாட்டியும் ஆசிரியராகலாம்.

அந்த வகுப்புக்கு ஐந்து விதிகள் உண்டு. இங்கிலீஷ் பேசக் கூடாது. யாருடைய நம்பிக்கையையும் வழக்கத்தையும் இழிவாகப் பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குப் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. உன் முறை வரும்போது மட்டும் பேசு. ஒருவருக்கொருவர் பணிவாக இரு. மூன்றாவது விதியில்தான் நான் நின்றுவிட்டேன். நம் குழுக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கணக்குச் சொல்லத் தடுமாறினால் உடனே நாலு பேர் எடுத்துக் கொடுக்கிறோம். அவர் வாய் அப்படியே மூடிக்கொள்கிறது. மாடாய்ராவுக்கு அது தெரிந்திருக்கிறது. பேஃபைராங்கி பாட்டு எழுதுவதிலும் கெட்டிக்காரர். அவர் வரிகள் எழுதிய ‘போய் இ’ என்ற மாவோரிப் பாட்டு 1984-ல் நாடு முழுக்க முதலிடத்துக்கு வந்தது.

பெரியவர்கள் கற்றால் போதாது, பிறந்த குழந்தையிலிருந்து ஆரம்பிக்கணும் என்று 1979 முதல் மாவோரி பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். 1982 ஏப்ரலில் வெலிங்டன் பக்கத்தில் வைனுயோமாட்டா என்ற ஊரில் முதல் ‘கோஹாங்கா ரேயோ’ திறந்தார்கள். கோஹாங்கா என்றால் பறவைக் கூடு, ரேயோ என்றால் மொழி. மொழிக்கூடு. நம் பால்வாடி மாதிரிதான். ஆனால் உள்ளே வந்தால் மாவோரி மட்டும்தான் பேச வேண்டும், சமையலறையிலும்கூட. பாட்டிமார்தான் டீச்சர். குழந்தையைக் கொண்டு வந்து விடுகிற இளம் அம்மாவுக்கு மொழி தெரியாது, அவளும் ஓரமாக உட்கார்ந்து குழந்தையோடு சேர்ந்து கற்றாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் அறுந்த கயிறை இப்படி நடுவிலேயே பிடித்து முடிச்சுப் போட்டார்கள்.

இடம் எங்கே கிடைத்தது என்கிறீர்களா? கார் நிறுத்துகிற கொட்டகை, சர்ச் ஹால், யாராவது வீட்டின் முன்னறை. நிறைய இடத்தில் ‘மராய்’. மராய் என்றால் ஊர்ப் பொதுக்கூடமும் அதன் முற்றமும். நம்ம ஊர்ச் சாவடியும் கல்யாண மண்டபமும் சேர்ந்த மாதிரி. சாவு, விசேஷம், பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான், வந்தவர்கள் பாய் போட்டுப் படுத்தும் தூங்கலாம். அரசாங்கத்தின் மாவோரி துறை தொடங்கும்போது கொஞ்சம் பணம் கொடுத்தது. மற்றதெல்லாம் பெற்றோர் போட்டதுதான். ஒவ்வொரு கூட்டையும் அந்தக் குழந்தைகளின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தின. கட்டணம் எவ்வளவு, யார் சமைப்பது, யார் சொல்லிக் கொடுப்பது என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள், கணக்குப் பார்க்க ஒருவர். நமக்குப் பழக்கமான வேலைதான். இரிடானா தாஃபிஃபிராங்கி என்ற அம்மா இந்த அமைப்புக்குத் தலைமை ஏற்று நாடெங்கும் நடந்தார். மூன்று வருடத்தில் 400 கூடுகளுக்கு மேல் ஆனது. 1990-களின் நடுவில் ஏறக்குறைய 800 கூடுகள், 14,000 பிள்ளைகள். அதைப் பார்த்து ஹவாய் தீவுக்காரர்களும் தங்கள் மொழிக்கு 1984-ல் இதே மாதிரி கூடு தொடங்கினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். ஐந்து வயது வரை மழலையாக மாவோரி பேசிய பிள்ளை, இங்கிலீஷ் பள்ளிக்குப் போன சில மாதத்திலேயே மறக்கத் தொடங்கியது. பெற்றோர் அரசுக்கு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1985-ல் ஆக்லாந்து நகரத்தில் ஒரு மராயில் தாங்களே ஒரு தொடக்கப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். முதலில் அரசுப் பணம் ஒரு காசு கிடையாது. சட்டம் அதை ஏற்றுக் கொண்டது 1989-ல். முதலில் நடத்திக் காட்டுவது, பிறகு சட்டத்தைக் கேட்பது என்பதுதான் இவர்கள் வழக்கமாக இருந்திருக்கு.

1984-ல் இன்னொரு சம்பவம், சொல்லாமல் போக மனசு வரவில்லை. நைடா கிளாவிஷ் என்ற மாவோரி பெண் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். போன் எடுத்தால் ‘கியா ஓரா’ என்று சொல்வார், நம்ம வணக்கம் மாதிரி. இங்கிலீஷில் மட்டும் சொல் என்று மேலதிகாரி உத்தரவு போட்டார். முடியாது என்றார். வேலையை விட்டு இறக்கினார்கள். ஊரெல்லாம் பேச்சாகி, பிரதமர் வரைக்கும் போய், கடைசியில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வெளிநாட்டுப் போன் பகுதிக்கு உயர்த்தியும் விட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 1987-ல், மாவோரியை ஆட்சி மொழியாக்கிச் சட்டம் வந்தது.

இனி கசப்பான பகுதி. 1990-ல் மொழிக்கூடுகள் கல்வித் துறையின் கீழே போயின. பணம் கூடுதலாக வந்தது. பின்னாலேயே படிவம், ஆய்வு, தகுதி என்று எல்லாம் வந்தது. இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்த பாட்டி ஒரே நாளில் ‘தகுதி இல்லாதவர்’ ஆனார். மொழி எவ்வளவு வந்தது என்று பார்க்க வேண்டிய இடத்தில், மற்ற நர்சரிகளுக்குப் போட்ட அளவுகோலையே இதற்கும் போட்டார்கள். 1990-களின் நடுவுக்குப் பிறகு கூடுகளின் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. அமைப்பு வழக்குப் போட்டது. ஒப்பந்த விவகாரங்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் 2012-ல் அரசின் மேல்தான் தவறு என்று சொன்னது. பணம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சுழல்நிதி வந்த புதிதில் நம் குழுக்களில் என்ன நடந்தது என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். பணம் வந்த பிறகும் தீர்மானப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இப்போது இதே மராய்களுக்கு மற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் டீச்சர்களும் போகிறார்கள். ராத்திரி தங்குகிறார்கள். வாசலில் முதலில் ஒரு பெண்ணின் குரல்தான் அழைக்கும், வந்தவர்கள் பக்கமிருந்து இன்னொரு பெண் பதில் குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள். டீச்சரும் மாணவியும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான்.

அங்கே சொல்லித் தரும் நெசவு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹரகேகே என்று ஒரு செடி. ரயில் கற்றாழை மாதிரி வாள் போன்ற நீள இலை. கூடை, பாய், உடுப்பு எல்லாம் அதில்தான் செய்வார்கள். நடுவில் இருக்கும் குருத்துதான் குழந்தை, அதை இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும் இலைகள் அப்பா அம்மா. அந்த மூன்றையும் வெட்டவே கூடாது. வெளிப்பக்கத்து முதிர்ந்த இலையை மட்டும், தண்ணீர் வழிந்து ஓடும்படி சாய்வாக வெட்ட வேண்டும். மழையில் வெட்டக் கூடாது, ராத்திரியில் வெட்டக் கூடாது. நம்ம பனையில் பெட்டி முடையக் குருத்தோலையைத்தான் தேடுவோம், அங்கே குருத்தில் கையே வைக்கக் கூடாது. பிள்ளைகள் கூடை முடையக் கற்கும்போதே குடும்பம் என்றால் என்ன என்கிற பாடமும் போய்விடுகிறது. செடி எப்படிப் பிழைக்கும் என்கிற பாடமும் அதிலேயே இருக்கு.

கடைசியாக மாணவர்கள் செய்த ஒரு வேலை. 1864-ல் வெள்ளைக்காரப் படை மாவோரி ஊர்களின் மேல் போர் தொடுத்தது. ராங்கியாவோஃபியா என்ற ஊர் மாவோரி வீரர்களுக்குச் சாப்பாடு விளைவித்துக் கொடுத்த ஊர். அங்கே ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வீடு எரிந்தது. பக்கத்தில் ஓராகாவ் என்ற இடத்தில் சுமார் 300 பேர், பெண்களும் குழந்தைகளும் சேர்த்து, ஆயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்களை மூன்று நாள் எதிர்த்து நின்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் வெளியே வரலாம் என்று தளபதி சொல்லி அனுப்பினார். ஆஹுமாய் என்ற பெண் எழுந்து நின்று, ஆண்கள் சாவதென்றால் நாங்களும் கூடவே என்று மறுத்துவிட்டார். பல இடத்தில் குண்டு பட்டும் அவர் பிழைத்தார்.

150 வருடம் கழித்து, 2014-ல், ஓட்டோரோஹாங்கா என்ற ஊர்ப் பள்ளியின் மாணவர்களை ஆசிரியர்கள் அந்த இடங்களுக்குக் கூட்டிப் போனார்கள். மாவோரி பெரியவர்கள் அதே மண்ணில் நின்று கதையைச் சொன்னார்கள். பக்கத்து ஊரில் இருந்துகொண்டே இது எங்களுக்குத் தெரியவில்லையே, பாடப் புத்தகத்தில் ஏன் இல்லை என்று பிள்ளைகளுக்கு அழுகையே வந்துவிட்டதாம். மாணவிகள் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். 10,000-க்கும் மேற்பட்ட கையெழுத்தோடு 2015-ல் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். அந்தப் போர்களை நினைவுகூர நாட்டில் ஒரு நாள் வேண்டும் என்பதை அரசு மறு வருடமே ஒத்துக் கொண்டது. 2023 முதல் 1-ஆம் வகுப்பிலிருந்து 10-ஆம் வகுப்பு வரை நியூசிலாந்தின் சொந்த வரலாறு கட்டாயப் பாடமானது. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய டீச்சர்கள் தங்கள் பள்ளி நாளில் அதைப் படித்ததே இல்லை. அதனால் அவர்கள் முதலில் போய்க் கதவைத் தட்ட வேண்டியது அந்தந்த ஊர் மாவோரி பெரியவர்கள் வீட்டில்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் ஒரு விஷயம் பேச இருக்கிறேன், இப்போதே சொல்லி வைக்கிறேன். என் மாமியாருக்கு பனையோலையில் ஏழு விதமான பெட்டி முடையத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர். எனக்கு அதில் மூன்று பெயர்தான் தெரியும், என் மகளுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்: விதை நெல் எடுத்து வைக்கத் தெரிந்தவர், தாலாட்டு பாடுகிறவர், குழந்தைக்கு உரை மருந்து உரைக்கிறவர். பேர் எழுதிக் கொண்டு வாங்க. ஊராட்சிக் கட்டிடத்தின் பின் அறை சனிக்கிழமைகளில் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. பள்ளித் தலைமை ஆசிரியையிடம் நான் பேசிவிட்டேன், இரண்டு டீச்சர்களும் வந்து பிள்ளைகளோடு உட்காரத் தயார் என்று சொன்னார்கள். அறைச் சாவியை மட்டும் கூட்டமைப்பு தீர்மானம் போட்டுத்தான் வாங்க வேண்டும்.